மாமல்லபுரத்தில் இரண்டு நாள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'வேலையில் கற்ற பாடம் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்' என்று சங்கச் செயலாளர் கேட்டிருந்தார். பாலம் கட்டுகிறவன், பைல் ஃபவுண்டேஷனைப் பற்றிப் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் சொல்லப் போவது, என் இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் கூட்டத்துக்குப் போன கதை.

2024 மார்ச் கடைசி வாரம். எங்கள் நிறுவனத்தில் வருஷத்துக்கு ஒரு முறை எல்லோரையும் இரண்டு நாள் கடற்கரை ஓட்டல் ஒன்றுக்கு அழைத்துப் போவார்கள். அந்த முறை மாமல்லபுரம். என் மனைவிக்கு வங்கியில் வேலை. மார்ச் கடைசியில் வங்கிக்காரர்கள் வீட்டுக்கு வருவதே தூங்கத்தான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற மாமியாருக்குக் கண் ஆபரேஷன். 'நான் கூட்டிட்டுப் போறேன், என்ன பெரிய விஷயம்' என்று வாய் விட்டுவிட்டேன். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 3.

சென்னையிலிருந்து 55 கிலோமீட்டர்தான். முட்டுக்காடு பாலம் தாண்டுவதற்குள் சின்னவன் வாந்தி எடுத்துவிட்டான், அதுவும் எங்கள் மேனேஜருடைய லேப்டாப் பை மேலே. மாற்றுச் சட்டை எடுத்து வைத்திருந்தேன், சூட்கேஸில். சூட்கேஸ் பஸ்ஸின் அடி டிக்கியில்! மறுபடி போனால் எதைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று இப்போது தெரியும்: மாற்றுத்துணி இரண்டு செட், பழைய துண்டு, தயிர்சாதம், உப்புசர்க்கரைக் கரைசல் பாக்கெட். கூட்டத்தில் மகள் சும்மா இருக்கவில்லை. பிளிப் சார்ட்டில் அந்த வருஷ டார்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு யானை வரைந்தாள். மதியம் வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பார்க்கப் போனோம். 'இவ்ளோ நாளா ஏம்பா உருளல?' என்று கேட்டாள். உராய்வு, ஈர்ப்பு மையம் என்று ஆரம்பித்தேன். சின்னவன் 'ஐஸ்' என்றான். அத்தோடு வகுப்பு முடிந்தது.

சாயங்காலம் 5 மணிக்கு மணலில் ஏதோ டீம் விளையாட்டு. மேனேஜர் கூப்பிட்டார்: 'புது பிராஜக்ட் விஷயம், ஒரு நிமிஷம்.' திரும்பினேன். அரை நிமிஷம்கூட இருக்காது. மறுபடி பார்த்தால் சின்னவன் இருந்த இடத்தில் நுரைதான் இருந்தது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பாய்ந்து அவன் கையைப் பிடித்துத் தூக்கினார். பிள்ளை இருமினான், அழுதான். அந்த அழுகையைப் போல இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை.

'புள்ளைய கடலுகிட்ட விட்டுட்டு அங்க என்னய்யா பேச்சு?' என்றார் அவர். பிறகு கையை நீட்டிக் காட்டினார். இரண்டு பக்கமும் அலை உடைந்தது, நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாக இருந்தது. 'அலை உடையாத எடம் பாத்தீங்களா? அங்கதான் இழுக்கும்.' நானோ அமைதியான இடம் என்றுதான் பிள்ளைகளை அங்கே விட்டிருந்தேன்.

ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் என்னைப் போலத் தூங்கியவர்களுக்காகச் சொல்கிறேன். அலை கரையில் கொண்டுவந்து குவிக்கிற தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். ஆழமான ஒரு பள்ளம் கிடைத்தால் அது வழியாக ஆறு மாதிரி ஓடும். வேகம் அதிகமாகும்போது விநாடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். நீச்சல் வீரனாலும் எதிர்த்து நீந்த முடியாது. சிக்கினால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். 3 வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் ஆகாது. அவன் கை நம் கைக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்று இரவு 8 மணிக்கே ரூமில் விளக்கை அணைத்துவிட்டேன். இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள். கீழே புல்தரையில் எல்லோரும் சாப்பிட்டுச் சிரிக்கிற சத்தம் மேலே வரை கேட்டது. காலையில் டிபன் சாப்பிடும்போது தெரிந்தது, புது பிராஜக்டுக்கு யார் லீடர் என்பது ராத்திரி 11 மணிக்கு அந்தப் புல்தரையில் முடிவாகிவிட்டது என்று. 'நீங்க இல்லையே' என்றார்கள். மாடியில்தான் இருந்தேன்!

கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது கோபம் வேறு பக்கம் திரும்பியது. எங்கள் டீமில் ஒரு டிசைன் இன்ஜினியர் இருக்கிறார், இரண்டு பிள்ளைகளின் தாய். 2022-இலும் 2023-இலும் அவர் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. 'வீட்ல கொஞ்சம் வேலை சார்' என்பார். அவருடைய வருடாந்தர மதிப்பீட்டில், 'குழுவோடு கலந்து பழகுவது போதாது' என்று எழுதியது யார்? நான்தான். அவர் போட்ட கணக்கில் ஒரு தப்புகூட நான் கண்டதில்லை.

திங்கட்கிழமை அவரிடமே போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. 'அந்த வருஷம் இன்க்ரிமென்ட் ஏன் குறைஞ்சுதுன்னு யோசிச்சிட்டே இருந்தேன் சார்' என்றார். திரும்பி வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மேனேஜ்மென்டுக்கு எழுதிக் கொடுத்தேன்: பிள்ளைகளோடு வரலாம், பகலில் அவர்களைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர், ராத்திரி எந்த முடிவும் கிடையாது என்று. முதல் இரண்டுக்கும் சரி என்றார்கள். மூன்றாவதற்கு, 'அதெல்லாம் சும்மா பேசுறதுதானே' என்றார்கள். நான் விடுவதாக இல்லை. அவரையும் அடுத்த கூட்டத்துக்கு வரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.