ஒரு பெண்கள் சங்கத்தில் பிறந்த அன்னையர் தினம்



மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வந்தால் செல்போனில் அன்னையர் தின வாழ்த்து வந்து குவியுது. இது அமெரிக்காவில் இருந்து வந்த பழக்கம். அங்கே அன்றைக்குப் பிள்ளைகள் அம்மாவை அடுப்படிக்கு விடாமல் தாங்களே காலைச் சாப்பாடு செய்து கொடுப்பார்களாம். பூங்கொத்தும் வாழ்த்து அட்டையும் கொடுப்பார்கள். ஓட்டல்களில் கூட்டம் நிறைந்திருக்கும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் போன் போட்டுப் பேசுவார்கள்.

ஆனா இந்த நாளுக்கு வேர் எதுன்னு கேட்டா, நம்மள மாதிரி ஒரு பெண்கள் சங்கம்தான்.

மேற்கு வர்ஜீனியா மலைநாட்டில் ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்று ஒரு அம்மா இருந்தார். பத்துப் பிள்ளைக்கு மேல் பெற்றும் நாலு பேர்தான் வளர்ந்து ஆளானார்கள். மற்றதெல்லாம் சின்னதிலேயே போய்விட்டது. அந்தத் துக்கத்தோடு முடங்கி உட்காராமல், 1858-ல் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்களைச் சேர்த்துச் சங்கங்கள் தொடங்கினார். காசு சேர்த்து ஏழைகளுக்கு மருந்து வாங்கினார்கள். பால் சுத்தமா இருக்கான்னு பார்த்தார்கள். ஒரு தாய் காசநோயில் படுத்துவிட்டால், அவர் வீட்டு வேலையைப் பார்க்கக் கூலி கொடுத்து ஒரு பெண்ணை வைத்தார்கள். 1861-ல் உள்நாட்டுப் போர் வந்தபோது, இரண்டு பக்கத்துச் சிப்பாய்களுக்கும் பேதம் பார்க்காமல் பணிவிடை செய்தார்கள்.

அந்த அம்மா 1905-ல் இறந்தார். அவர் நினைவாக மகள் ஆனா 1908 மே 10 அன்று கிராஃப்டன் ஊர்த் தேவாலயத்தில் வழிபாடு நடக்க ஏற்பாடு செய்து, 500 வெள்ளை கார்னேஷன் பூக்களை அனுப்பி வைத்தார். 1914-ல் அதிபர் உட்ரோ வில்சன் நாடு முழுக்க அன்னையர் தினம் என்று அறிவித்தார். பிறகு அது பூக்கடைக்கும் மிட்டாய்க்கடைக்கும் வியாபார நாளாகிப்போச்சு. அதைப் பொறுக்காமல் ஆனாவே பல வருஷம் எதிர்த்து நின்றார்.

போன ஐப்பசியில் எனக்கு ஆபரேஷன் ஆனப்போ, எங்க குழு அக்காமார் ரெண்டு பேர் பத்து நாள் என் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிப் போட்டாங்க. எல்லாருக்கும் இப்படி அமையாது. அதனால ஒரு கோரிக்கை வைக்கிறேன். எந்த உறுப்பினர் பிரசவத்திலோ நோயிலோ படுத்தாலும், அவங்க வீட்டு உலை அணையாம குழுவே முறை வைச்சுப் போகணும். இதை இந்த வருஷமே தீர்மான நோட்டில் ஏத்தணும்.

செல்போன்ல வாழ்த்து அனுப்புங்க, வேண்டாம்னு சொல்லல. கூடவே ஒரு தூக்குச் சோறும் போகட்டும்.