மண் இல்லாத தோட்டம், தண்ணீர்க் கணக்கு

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் ஆபீஸ் கதையெல்லாம் வேண்டாம்ப்பா, மாடித் தோட்டத்தைப் பத்திப் பேசு" என்று சொல்லித்தான் என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். சில ஆண்டுகளாக என் வீட்டு மொட்டை மாடியில் தென்னை நார்க் கழிவில், ரசாயன உரம் போடாமல் காய்கறி வளர்த்து வருகிறேன். தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தெடுக்கும்போது உதிரும் பழுப்புத் தூள்தான் இந்தக் கழிவு. கட்டியாக அமுக்கி 'கோகோபீட்' என்று கடையில் விற்கிறார்கள். 2013-14-ல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித் தோட்டத் தளைகளைக் கொடுத்தபோது, இந்தக் கட்டி பல வீடுகளுக்கு அறிமுகமானது.

"மண்ணே போட்டா என்ன சார்?" என்று கேட்பார்கள். சிவில் படித்தவன் என்பதால் முதலில் எடையைச் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் போய்வரும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 தரவிதி சொல்லும் பளு, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஈர மண்ணை ஓர் அடி உயரத்துக்குப் பரப்பினால் அதே இடத்தில் 500 கிலோவைத் தாண்டும். நார்க் கழிவு நனைந்தாலும் அதில் பாதிகூட வராது. ஆனால் அதையும் மாடி முழுக்க நெருக்கி அடுக்கக் கூடாது. பைகளைச் சுவரோரமாகவும் பீம் ஓடும் இடத்திலும் இடைவெளி விட்டு வையுங்கள். நம் காஞ்சிபுரத்துப் பழைய தெருக்களில் கட்டை உத்திரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே, விவரம் தெரிந்த ஒருவர் உத்திரத்தைப் பார்த்துச் சொல்லும்வரை ஒரு பைகூட ஏற்ற வேண்டாம்.

அடுத்து, "ஒரு மாசம் நல்லா வந்துச்சு, அப்புறம் இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சு" என்ற புகார். நார்க் கழிவு வெறும் தட்டு. சோற்றை நாம்தான் போட வேண்டும். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும், வேருக்குக் காற்றும் விடும். ஆனால் அதில் தழைச்சத்து மிகக் குறைவு. பச்சைக் கழிவில் கரிமமும் தழைச்சத்தும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கின்றன. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்கள் பசிக்குச் செடியின் தழைச்சத்தையும் பிடுங்கிக்கொள்கின்றன. அதனால்தான் இலை மஞ்சளாகிறது.

இதற்கு வழி, மக்க வைத்த கழிவைப் பயன்படுத்துவது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1980-களிலேயே சிப்பிக் காளான் வித்தைக் கொண்டு இதை மக்க வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்த முறையில் யூரியாவும் சேரும். இயற்கை வழியில் போகிறவர்கள் அதற்குப் பதில் சாணமோ கோழி எருவோ சேர்த்து, இன்னும் சில வாரம் பொறுத்திருக்கலாம். நான் மக்கிய கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலக்கிறேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம். மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்; விரலை விட்டுப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மண்ணில்லாமல் வளர்த்ததை 'இயற்கை' என்று சொல்லலாமா என்பதில் உலகத்துக்கே ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவில் 2017-ல் மண்ணில்லா முறைக்குத் தடை கேட்ட தீர்மானம், ஆலோசனை வாரியத்தில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. ஐரோப்பிய ஒன்றிய விதியோ, பொதுவாகப் பயிரின் வேர் உயிருள்ள மண்ணில் இருக்க வேண்டும் என்கிறது. என்னைக் கேட்டால், சான்றிதழுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது: இந்தக் கட்டியைக் கழுவிய தண்ணீர் எங்கே போனது?

பச்சை நார்க் கழிவில் உப்பு அதிகம். ஏற்றுமதிக்குப் போகிற சரக்கில் உப்பு குறைவாக இருக்க வேண்டும் என்பதால் திரும்பத் திரும்பக் கழுவுகிறார்கள். பொள்ளாச்சி வட்டாரத்தில் அந்தப் பழுப்புத் தண்ணீர் நிலத்தில் இறங்கிக் கிணறுகளைக் கெடுக்கிறது என்று விவசாயிகள் குரல் எழுப்பினார்கள். 2021 நவம்பரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தத் தொழிலை வெள்ளைப் பட்டியலிலிருந்து ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. சிறு தொழில் நசிந்துபோகும் என்று ஆலைக்காரர்கள் எதிர்த்தார்கள். கிணற்றுக்காரருக்கும் நியாயம் உண்டு, கூலிக்கு வருகிறவருக்கும் பிழைப்பு உண்டு. பட்டுக்குச் சாயம் போடும் ஊரில் வாழ்கிற நமக்கு இந்தச் சங்கடம் புதிதா என்ன? அலசிய தண்ணீரை எங்கே விடுவது என்பது இங்கேயும் பழைய கேள்விதானே.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு இதில் வேலை இருக்கிறது. அந்தக் கழிவு நீரில் கரைந்திருக்கும் உப்பில் பெரும்பகுதி பொட்டாசியமும் குளோரைடும்தான். தென்னை மரம் இரண்டையும் விரும்பி ஏற்கும். சாயத்தையும் துவர்ப்பையும் குறைந்த செலவில் பிரித்து, மீதியைத் தோப்புக்குத் திருப்ப ஒரு வழி கண்டால், ஒருவருக்குக் குப்பையாக இருப்பது இன்னொருவருக்கு உரமாகும். கடைசி வருஷ புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சி ஆலை ஒன்றில் நாலு நாள் நின்று பாருங்கள். கணக்குப் போட உதவி வேண்டுமென்றால் என்னைப்போல் பழைய மாணவர்கள் இருக்கிறோம்.

நண்பர்களே, நீங்கள் வீட்டில் கட்டியை ஊறவைத்துக் கழுவினால் அந்த முதல் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். நன்றாக நீர் கலந்து தென்னை மரத்தடியில் ஊற்றுங்கள். அடுத்த முறை கட்டி வாங்கும்போது கடைக்காரரிடம், "இதை எங்கே கழுவினாங்க, தண்ணியை என்ன பண்றாங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் அவர் விசாரித்து வைப்பார். நூறு பேர் கேட்டால் ஆலைவரைக்கும் அந்தக் கேள்வி போய்ச் சேரும்.