மருத்துவம் மாறிடுச்சு, நம்ம பழக்கமும் மாறணும்

(ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர் ஒருவர், முகாமுக்கு வந்திருந்த பொதுமக்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓ.பி. திறக்கும்போதே சீட்டு வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், கர்ப்பிணிகள், தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தை, நாய் கடிச்சு ஓடி வர்றவங்கன்னு எல்லாரையும் பார்க்கணும். ஒருத்தருக்கு மூணு, நாலு நிமிஷம் கிடைச்சா பெரிய விஷயம். அதிலயும் பாதி நேரம் சில கேள்விகளுக்கே போயிடுது. "ஊசி போடலையா டாக்டர்?", "குளுக்கோஸ் ஒரு பாட்டில் ஏத்துங்க", "பிரஷர்தான் நார்மலாயிடுச்சே, மாத்திரை எதுக்கு?"

கேட்கிறவங்க மேல தப்பு இல்லை. நம்ம வீட்டுப் பெரியவங்க பார்த்த வைத்தியம் அப்படித்தான் இருந்தது. இப்ப பல விஷயங்கள்ல முறை மாறியிருக்கு. அதை நிதானமா விளக்க ஓ.பி.யில நேரம் இருக்கறதில்லை. அதனால இங்கே சொல்லிடறேன்.

பிரஷர் நார்மல் ஆனது எதனால?

ஒருத்தருக்கு பிரஷர் 170/100 இருக்குன்னு வச்சுக்குவோம். மாத்திரை கொடுக்கிறோம். மூணு மாசத்துல 130/80-க்கு வருது. "சரியாயிடுச்சு"ன்னு அவரே நிறுத்திடறார். ஆனா அது மாத்திரையால இறங்கின அளவு. நிறுத்தினா கொஞ்ச நாள்ல பழைய இடத்துக்கே ஏறிடும். தலைவலி வராது, மயக்கம் வராது, உடம்பு ஒண்ணுமே காட்டாது. அடுத்த முறை அவரை வீட்டுக்காரங்க தூக்கிக்கிட்டு வருவாங்க, ஒரு பக்கம் கை கால் விழுந்து, பேச்சு குழறி. இந்த நிலைமையை நாங்க அடிக்கடி பார்க்கிறோம்.

"பிரஷர் மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்"னு ஒரு பயம் ஊர் முழுக்க இருக்கு. உண்மை நேர்மாறா இருக்கு. கட்டுப்படாத பிரஷரும் சர்க்கரையும்தான் கிட்னியைக் கெடுக்குது. கூடவே இன்னொண்ணு: மூட்டு வலி, இடுப்பு வலின்னு மெடிக்கல் ஷாப்புல சொல்லி மாசக்கணக்கா வாங்கிச் சாப்பிடற வலி மாத்திரை. பிரஷர் மாத்திரைக்குப் பயப்படறவங்களே டைக்ளோஃபினாக் மாத்திரையை மிட்டாய் மாதிரி சாப்பிடறாங்க. பயப்பட வேண்டியது அதுக்குத்தான்.

மாத்திரையால கால் வீங்குது, வறட்டு இருமல் வருதுன்னா எங்ககிட்ட சொல்லுங்க. வேற மாத்திரை இருக்கு, மாத்திக் கொடுப்போம். நீங்களா நிறுத்திடாதீங்க.

வீட்டுல பிரஷர் பார்க்கிறவங்க, காபி, டீ குடிச்சு அரை மணி நேரம் போகட்டும். முதுகு சாய்ஞ்சு, பாதம் தரையில பட, அஞ்சு நிமிஷம் அமைதியா உட்காருங்க. கை நெஞ்சு உயரத்துல இருக்கணும், பேசக் கூடாது. அப்புறம் பாருங்க. படியேறி வந்த வேகத்துல எடுத்த அளவை வச்சு மாத்திரையைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

சர்க்கரையிலயும் இப்படி ஒரு விஷயம் உண்டு. ரெண்டு நாள் கட்டுப்பாடா சாப்பிட்டுட்டு டெஸ்ட்டுக்கு வர்றாங்க. அன்னைக்கு அளவு நல்லா இருக்கும். ஆனா எச்.பி.ஏ.1.சி. டெஸ்ட் கடந்த மூணு மாசச் சராசரியைக் காட்டிடும். நாங்க மருந்தை முடிவு பண்ண அதைத்தான் அதிகம் நம்பறோம்.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் மூலமா, பிரஷர், சர்க்கரை மாத்திரை வீடு தேடியே வருது. வாங்கி அலமாரியில சேர்த்து வைக்காம, தினமும் சாப்பிடறதுதான் நம்ம வேலை.

நாய்க்கடி: முதல் மருந்து சோப்பு

"தொப்புளைச் சுத்தி ஊசி" காலம் மலையேறி ரொம்ப வருஷமாச்சு. அந்தப் பயத்துலயே இன்னும் சிலர் ஊசிக்கு வராம இருக்காங்க. இப்ப கையிலதான் போடறோம். தோலுக்குள்ள போடற முறையில நாலு தடவை வரணும். முதல் ஊசி நாளை 0-ன்னு கணக்கு வச்சா, 0, 3, 7, 28-ஆம் நாட்கள்.

கடிச்ச உடனே ஓடுற குழாய்த் தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ரத்தம் வர்ற அளவுக்குக் கடி இருந்தா, தடுப்பூசியோட இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்துக்குள்ளயே போடணும். தடுப்பூசி வேலை செய்ய சில நாள் ஆகும். அதுவரைக்கும் காப்பாத்தறது இந்த மருந்துதான்.

வீட்டு நாய், குட்டி நாய், லேசான கீறல்னு அலட்சியம் வேண்டாம். ரெண்டு ஊசியோட நிறுத்தறவங்களும் இருக்காங்க. நாய் உயிரோட இருக்குன்னாலும், மீதி ஊசி வேணுமா வேண்டாமான்னு டாக்டர்தான் சொல்லணும். ரேபிஸ் அறிகுறி வந்துட்டா காப்பாத்த மருந்து இல்லை. வர்றதுக்கு முன்னாடி தடுக்க முழு வழியும் நம்ம கையில இருக்கு.

காய்ச்சலுக்கு ஊசி எதுக்கு?

சளி, காய்ச்சல்ல பெரும்பாலானது வைரஸ். ஆன்டிபயாட்டிக் வைரஸைக் கொல்லாது. தேவையில்லாம சாப்பிட்டா கிருமிகள் பழகிடும். பின்னாடி நிமோனியா வந்து உண்மையாவே தேவைப்படும்போது அந்த மருந்து வேலை செய்யாது. மெடிக்கல் ஷாப்புல "ஒரு செட் மாத்திரை கொடுங்க"ன்னு வாங்கறதும் ஆபத்து. அதுக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

டெங்கு சமயத்துல பாரசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் ரத்தக்கசிவை அதிகமாக்கும். முக்கியமா ஒண்ணு: டெங்குவில காய்ச்சல் விடுற நேரம்தான் கவனமா இருக்க வேண்டிய நேரம். காய்ச்சல் விட்டும் வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், கை கால் சில்லுன்னு ஆகறது, சோர்ந்து சுருண்டு படுக்கறது இதெல்லாம் இருந்தா உடனே வாங்க.

குழந்தைக்கு வயித்துப்போக்குன்னா ஓ.ஆர்.எஸ். கரைசலும், 14 நாள் துத்தநாக மாத்திரையும் பெரும்பாலும் போதும். போக்கு நின்னுட்டாலும் 14 நாளையும் முடிக்கணும். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழு லிட்டர் தண்ணியில கரைச்சு, 24 மணி நேரத்துக்குள்ள கொடுத்து முடிங்க.

ஒரு நிமிஷமும் வீணாகக் கூடாதவை

பாம்புக்கடி: கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, வாய் வச்சு உறிஞ்சாதீங்க. மோதிரம், கொலுசைக் கழட்டிட்டு, எலும்பு முறிஞ்சா வைக்கிற மாதிரி அசையாம வச்சுக் கொண்டு வாங்க. பாம்பை அடிச்சு எடுத்துட்டு வர வேண்டியதில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். தரையில படுத்துத் தூங்கினவருக்கு விடியற்காலையில வயித்து வலி, கண் இமை சரியறதுன்னு இருந்தா, கடிச்ச தடம் இல்லைன்னாலும் கட்டுவிரியனாக இருக்கலாம்.

பக்கவாதம்: முகம் கோணுது, ஒரு கையைத் தூக்க முடியலை, பேச்சு குழறுதுன்னா 108-ஐக் கூப்பிடுங்க. ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். எத்தனை மணிக்குத் தொடங்குச்சுன்னு குறிச்சு வைங்க. ஆஸ்பத்திரியில முதல் கேள்வி அதுதான்.

நெஞ்சு வலி: கேஸ்னு நினைச்சு சோடா குடிச்சுக்கிட்டு உட்காராதீங்க. 2023-ல் தொடங்கின இதயம் காப்போம் திட்டத்துல, முதல் தவணை அவசர மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இருக்கு. அதைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்.

உங்க போன் எங்களுக்கும் உதவும்

"வெள்ளையா, சின்னதா ஒரு மாத்திரை டாக்டர்"னு சொன்னா எங்களால கண்டுபிடிக்க முடியாது. சாப்பிடற எல்லா மாத்திரை அட்டையையும், பேர் தெரியற பக்கமா போட்டோ எடுத்து வைங்க. கடைசி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, வீட்டுல பார்த்த பிரஷர் அளவுகள் இதெல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும். எந்த மருந்தாவது ஒத்துக்காதுன்னா அதையும் எழுதி வைங்க. 14 இலக்க ஆபா எண் இருந்தா, ரிப்போர்ட்களை அதோட இணைச்சு வைக்கலாம். மாத்திரை நேரத்துக்கு அலாரம் வைங்க. வீட்டுல போன் இல்லாத பாட்டி, தாத்தா இருந்தா, அவங்க விவரம் உங்க போன்ல இருக்கணும்.

108, 104 ரெண்டையும் சேமிச்சு வைங்க. அவசரம்னா 108. சந்தேகம், ஆலோசனைன்னா 104. "இந்தக் கஷாயம் குடிச்சா பிரஷர் மாத்திரையே வேண்டாம்"னு வாட்ஸ்அப்புல வந்தா, அதை எங்ககிட்ட காட்டிக் கேளுங்க. கோபப்பட மாட்டோம். கேட்காம மாத்திரையை நிறுத்திடறதுதான் எங்களுக்குக் கவலை.

வரிசையில நிற்கும்போதே ரெண்டு விஷயத்தை யோசிச்சு வைங்க: எனக்கு என்ன செய்யுது, எத்தனை நாளா செய்யுது. உள்ளே வந்ததும் அதைச் சொல்லுங்க. கிடைக்கிற அந்த மூணு நிமிஷமும் உங்க நோய்க்கே முழுசாப் பயன்படும்.

இப்ப உங்க கேள்விகளைக் கேளுங்க.