ஒரு வருடத்தில் ஆயிரம் பெட்டி

முறுக்கு சுட்டு விற்பவர்கள், தையல் இயந்திரம் வாங்கிப் போட்டுத் துணி தைப்பவர்கள் நம்மிடையே உண்டு. முதல் வருடம் எவ்வளவு விற்றது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். வீட்டுக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டில் நடந்த ஒரு சிறு வியாபாரத்தின் முதல் வருடக் கணக்கை இன்று பார்ப்போம். விற்ற பொருள் ஒரு விளையாட்டு.

விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்றொரு சிற்றூர். அங்கே கேரி கைகாக்ஸ் என்பவர் 1970இல் காப்பீட்டு நிறுவன வேலையை இழந்தார். அவருக்கு ஐந்து பிள்ளைகள். வீட்டிலேயே சப்பாத்து தைத்துக் குடும்பம் நடத்தினார். மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் ஆடுவதில் அவருக்குத் தீராத மோகம். மின்னசோட்டா மாநிலத்து டேவ் ஆர்னிசன் அந்த ஆட்டத்தையே மாற்றி அவருக்கு ஆடிக் காட்டினார். அதிலிருந்து இருவரும் சேர்ந்து புதிதாக ஒன்றை உருவாக்கினார்கள்.

அதை எப்படி ஆடுவது? ஒருவர் கதை சொல்லுவார். சுற்றியிருப்பவர்களில் ஒருவர் வீரனாவார், ஒருவர் மந்திரவாதியாவார். 'எதிரே இருண்ட குகை, என்ன செய்கிறீர்கள்?' என்று கதை சொல்பவர் கேட்பார். அவரவர் தம் முடிவைச் சொல்ல வேண்டும். வாள் வீச்சு பட்டதா, தவறியதா என்பதைப் பகடை சொல்லும். வென்றவர், தோற்றவர் என்று கிடையாது. இன்று விட்ட இடத்திலிருந்து அடுத்த வாரம் தொடரலாம். பாட்டியிடம் கதை கேட்கும் பிள்ளை, 'நான் அந்த வழியாகப் போகமாட்டேன்' என்று குறுக்கே பேசுமே, ஏறக்குறைய அதுதான். விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்.

பகடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த இடம் அது. நாம் அறிந்தது ஆறு முகம். இதிலோ 4, 8, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகளும் வேண்டும். அவை கிடைத்தது பள்ளிக்கூடச் சாமான் விற்கும் நிறுவனத்தில்! கணிதம் கற்பிக்கச் செய்தவை அவை.

தெரிந்த வெளியீட்டாளர் விளையாட்டை அச்சிட முன்வரவில்லை. எனவே கைகாக்ஸும் அவருடைய சிறுவயது நண்பர் டான் கேயும் 1973 அக்டோபரில் தாங்களே கூட்டுத் தொழில் தொடங்கினார்கள். கேய் தம் ஆயுள் காப்பீட்டின் பேரில் 1,000 டாலர் கடன் வாங்கிப் போட்டார். முதலில் வேறொரு சிறு போர் விளையாட்டுப் புத்தகத்தை வெளியிட்டு, அந்த வருமானத்தில் பெரியதை அச்சிடலாம் என்பது திட்டம். அந்தப் புத்தகம் போதிய பணம் தரவில்லை. பிறகு பிரயன் புளூம் என்பவர் 2,000 டாலருடன் மூன்றாவது பங்காளியாகச் சேர்ந்தார்.

1974 தொடக்கத்தில் 1,000 பிரதிகள் வெளிவந்தன. பெட்டிக்கு மூன்று சிறு புத்தகங்கள். விலை 10 டாலர். பெட்டிக்குள் அடுக்கும் வேலை கைகாக்ஸின் வீட்டிலேயே நடந்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் போர் விளையாட்டுச் சங்கத்தினர். ஆடியவர் ஆடாதவரிடம் சொல்லச் சொல்லப் பெயர் பரவியது. பணமில்லாதவர்கள் நண்பரின் புத்தகத்தை நகல் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே விற்றது 1,000 என்றாலும் ஆடியவர்கள் அதைவிட அதிகம். அந்த நகல்களால் நிறுவனத்துக்கு ஒரு காசும் வரவில்லை.

வருடம் முடிவதற்குள் அத்தனையும் விற்றுப்போயின. ஆயிரம் பெட்டி என்பதை நாள் கணக்காக வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு மூன்றுகூட இல்லை. முழு விலைக்கே விற்றாலும் 10,000 டாலர்தான். அதில் அச்சுக்கூலி, பெட்டி விலை, கடைக்காரர் கழிவு போக வேண்டும். மூன்று பங்காளிகள் இருக்கிறார்கள். பெட்டி தீர்ந்துவிட்டதே என்று மகிழ்ந்தால், மறுபடி அச்சடிக்கவும் பணம் வேண்டும். முதல் வருட வரவைப் பெரும்பாலும் இரண்டாம் வருடமே தின்றுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது; ஆயிரம் விற்றது என்பது மட்டுமே தெரியும்.

கேயின் சாப்பாட்டு அறைதான் அப்போது நிறுவனத்தின் அலுவலகம். 1975 ஜனவரியில் அவர் மாரடைப்பால் காலமானார். வயது 36. ஆயுள் காப்பீடு எதற்கு எடுப்பது? தாம் இல்லாத நாளில் வீட்டாருக்கு உதவட்டும் என்றுதானே. அதன்பேரில் வாங்கிய கடன் விளையாட்டுப் பெட்டிகளாகிவிட்டது. அந்தப் பெட்டிகளுக்குப் பெரிய காலம் வந்தபோது அவர் இல்லை. அவருடைய மனைவிக்குத் தொழிலைத் தொடர்ந்து நடத்த விருப்பமில்லை. கணவரின் பங்கை விற்றுவிட்டார்.

சாப்பாட்டு அறையில் இருந்த அலுவலகம் கைகாக்ஸின் வீட்டு நிலவறைக்குப் போனது. அதே 1975இல் இன்னும் 1,000 பெட்டிகள் வந்தன. அவை முதல் ஆயிரத்தைவிடச் சீக்கிரமாகவே விற்றுத் தீர்ந்தன.