நிறைமதி நாளும் நாண்மீனும்

(கும்பாபிடேக விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருக்குட நன்னீராட்டு இறைவன் திருவருளால் இனிது நிறைவேறியது. யாகசாலைப் புகை அடங்குமுன்னரே, கட்டளைகள் நிறுவ முன்வந்துள்ள அன்பர் சிலர் அடியேனை அணுகி, "பௌர்ணமிக்கு அத்துணை ஏற்றம் யாது? வைகாசி விசாகமும் பௌர்ணமியும் வெவ்வேறு நாளில் வரின் விழாவுக்கு எதனைக் கொள்வது? அடியார் பலரும் வருதற்கு வசதியாக ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாமா?" என வினவினர். மூன்றும் வேண்டிய வினாக்களே. கட்டளை எழுதும்போதே இவை தெளிதல் நன்று.

இருபத்தேழு நாண்மீன்களை மணந்த திங்கள், உரோகிணி ஒருத்தியிடமே பேரன்பு பூண்டமையால் தக்கன் சாபத்துக்கு ஆளாகி நாடோறும் தேய்ந்தான். எஞ்சிய ஒரு கலையோடு சிவபெருமானைச் சரண்புகுந்தான். ஐயன் அக்கலையைச் சடைமேற் சூடினான். இது புராணம் கூறும் செய்தி. இங்கு ஒன்று நோக்குமின். இறைவன் சூடியது பிறை. நாம் கொண்டாடுவதோ நிறைமதி. அவன் சூடிய கலையே அழியாது நின்று மீண்டும் வளர்ந்து நிறைகின்றது. ஆகலின் பூரணையன்று நாம் போற்றுவது மதியின் பெருமையை அன்று. அதனைக் காத்த அருளின் பெருமையை. நிறைந்த மறுநாளே குறையத் தொடங்குதலின், அந்நிறைவு மதிக்குச் சொந்தமன்று என்பதும் போதரும். மதிக்குத் தன்னொளி இல்லை, கதிரவன் ஒளியே அதன்மேற் பட்டு நமக்குத் தோன்றுகின்றது என வானநூலாரும் உரைப்பர். உயிர் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் என்னும் சித்தாந்தத்துக்கு இதனினும் எளிய உவமையை அடியேன் கண்டதில்லை.

இனி இரண்டாம் வினா. இதுவே சற்று விரித்துரைத்தற்கு உரியது.

நம் முன்னோர் பூரணையைத் தனித்துக் கொண்டாடியதினும், அதனோடு சேரும் நாண்மீனைக் கொண்டே மிகுதியும் கொண்டாடினர். மாதப் பெயர்களே அதற்குச் சான்று. மதி நிறையும்போது எந்த நாண்மீனை அடுத்து நிற்குமோ அதன் பெயரே சித்திரை, வைகாசி, கார்த்திகை என மாதத்துக்கு ஆயிற்று. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழாவின் நாளும் சித்திரை நாண்மீனோடு திங்கள் சேர்ந்த நாளாகவே குறிக்கப்பெறுகின்றது. திருஞானசம்பந்தப் பெருமான் மயிலையில் பூம்பாவையை எழுப்பிய திருப்பதிகத்தில் ஓணம், கார்த்திகை, ஆதிரை, பூசம், உத்திரம் என விழாக்கள் நாண்மீன் பெயராலேயே நிற்றல் காண்க.

அங்ஙனமாயின் இரண்டும் ஒரே நாளில் வாராமை ஏன்? வைகாசியில் ஞாயிறு இடபத்தில் நிற்றலின், நிறைமதி அதற்கு நேரெதிரான விருச்சிகத்தில் நிற்றல் வேண்டும். விருச்சிகத்துள் விசாகத்தின் நான்காம் பாதமும், அனுடமும், கேட்டையும் அடங்கும். ஆகவே மதி நிறைவது பெரும்பாலும் அனுடத்திலோ கேட்டையிலோ ஆம். விசாகம் ஓரிரு நாள் முற்படும். 2025ஆம் ஆண்டில் விசாகம் ஜூன் 9ஆம் நாள். பூரணைத் திதியோ 10ஆம் நாள் முற்பகலிற் புகுந்து 11ஆம் நாள் பிற்பகலிற் கழிந்தது. 2024ஆம் ஆண்டு திருவண்ணாமலையில் டிசம்பர் 13ஆம் நாள் தீபம் ஏற்றினர். பூரணை 14ஆம் நாள் மாலையிலேதான் புகுந்தது. பஞ்சாங்கம் பிழைபட்டது என ஐயுறற்க.

நம் நாட்டுக்கு அணியாகிய திருச்செங்கோட்டையே எடுத்துக்கொள்வோம். சம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூர் எனப் பாடிய அம்மலையில் மாதொருபாகனும் செங்கோட்டு வேலவனும் எழுந்தருளியிருக்கின்றனர். வைகாசி விசாகப் பெருவிழாவில் உலாத் திருமேனிகள் மலையினின்று இறங்கி, ஊரில் தேரேறி உலாப்போந்து, மீண்டும் மலையேறுகின்றன. பூரணைதோறும் அம்மலையை வலம்வரும் அடியாரும் பலர். அதனைக் குறை கூறேன். ஆனால் பெருவிழாவின் பெயர் விசாகமே. அதே மலைக்குரிய கேதாரகௌரி நோன்போ ஐப்பசி அமாவாசையில் நிறைவெய்துகின்றது. பூரணை ஒன்றே புண்ணிய நாள் என்று கொள்வார் இதனையும் எண்ணுக.

நாண்மீன் பூரணைக்கு முற்படுதலால் ஒரு நலமும் உண்டு. பூரணைக்குப் பின்னர் மதி நாளுக்கு நாள் காலந்தாழ்த்து எழும். முன்னரோ அந்தியிலேயே வானத்தில் நின்று இரவின் பெரும்பகுதி ஒளி தரும். மின்விளக்கு இல்லாத நாளில் மாட்டுவண்டியிலும் நடந்தும் வந்த குடியானவர்க்கு இது பேருதவியாயிருந்திருக்கும். காளிப்பட்டிக்கும் கபிலர்மலைக்கும் தைப்பூசத்துக்குத் திரண்டோரை எண்ணிப் பாருங்கள். எடப்பாடிப் பருவதராசகுல அன்பர்கள் தைப்பூசத்தையொட்டிக் காவடியோடு பழனிக்கு நடந்துசென்று, மலைமேல் ஓரிரவு தங்கி வழிபடும் தனியுரிமை உடையோர். அவர்தம் வழிநடைக்கும் இந்நிலவே துணை.

திதியைக் கொள்ளுமிடமும் உண்டு. ஆடவல்லானுக்கு ஆண்டில் ஆறு திருமஞ்சனம்: சித்திரை ஓணம், ஆனி உத்திரம், மார்கழி ஆதிரை மூன்றும் நாண்மீனால் வருவன, ஆவணி, புரட்டாசி, மாசிச் சதுர்த்தசிகள் திதியால் வருவன. எனவே விசாகத்தை விசாகத்தன்றும், பூரணை வழிபாட்டைப் பூரணையன்றும் நிகழ்த்துக. ஒன்றை மற்றொன்றுக்கு இழுத்தல் வேண்டா.

ஞாயிற்றுக்கிழமை வினாவுக்கு விடை சுருங்கியது. பெருவிழாவில் முதலிற் குறிக்கப்படுவது தீர்த்த நாள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணியே கொடியேற்றம் குறிப்பர். தீர்த்தம் பெயர்ந்தால் விழா முழுதும் பெயரும். சொற்பொழிவையும் இன்னிசையையும் வேண்டுமாயின் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடியேன் தடை சொல்லேன்.

பூரணைக் கட்டளைகளுள் முதலில் நிறுவத்தக்கது ஐப்பசி அன்னாபிடேகம். மதி பயிர்களுக்குத் தலைவன். அவனுக்குரிய தானியம் நெல். அவன் நிறைந்த நாளில் இலிங்கத் திருமேனியை அன்னத்தாற் சாத்தி வழிபடுதல் கங்கைகொண்ட சோழபுரத்திலும் தஞ்சையிலும் பெருஞ்சிறப்போடு நிகழ்வது. திருமேனியிற் பட்ட அன்னத்தை நீர்நிலையிற் கரைக்க, அது மீன்களுக்கு உணவாகும், ஏனையது அடியார்க்கு. மோகனூரிலும் பரமத்தி வேலூரிலும் காவிரிப் பாய்ச்சலில் நெல் விளைப்போர் நெல்லாகவே தரலாம். சோளமும் கடலையும் விளையும் மேட்டுநிலத்தார் பொருளாகத் தரலாம்.

கட்டளைப் பத்திரத்தில் ஆங்கிலத் தேதி எழுதற்க. மாதமும் திதியும், நாண்மீனாயின் நாண்மீனும் எழுதுக. பண்டைக் கல்வெட்டுக்களிற்போல அரிசியை இத்துணை அளவு எனக் குறித்துவிடுக. ரூபாயை மட்டும் எழுதினால், விலை ஏறுந்தோறும் இறைவன்மேற் சாத்தும் அன்னம் குறையும்.