சூரியக் காற்றும் ஓர் இளைஞரின் கணக்கும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



படிப்பு முடிந்ததும் என்ன உத்தியோகம் என்ற கேள்வி எம்போன்ற மாணவரை எந்நேரமும் தொடர்கின்றது. வைத்தியம், பொறியியல் என்று விடை கூறினால் வீட்டார் மகிழ்வர். சூரியனை ஆராயப் போகின்றேன் என்று ஒருவன் கூறினால் யாது நேரும்? அவ்வாறு வாழ்ந்த ஒருவரின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூற விரும்புகின்றேன்.

யூஜின் பார்க்கர் 1927 இல் அமெரிக்காவிற் பிறந்தவர். பௌதிகம் கற்று 1951 இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். யூட்டாப் பல்கலைக்கழகத்திற் சில ஆண்டுகள் கற்பித்தபின், 1955 இற் சிக்காகோப் பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

அக்காலத்தில் அறிஞரிடையே இரு கருத்துக்கள் நிலவின. சூரியனைச் சூழ்ந்த ஒளிவளையம் அசைவின்றி விண்வெளியிற் பரந்து கிடக்கின்றது என்றார் சிட்னி சப்மன். வால்வெள்ளியின் வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாக நீள்வதைக் கொண்டு, சூரியனிலிருந்து துணிக்கைகள் ஓயாது வீசுகின்றன என்றார் லுட்விக் பியர்மன். இரண்டும் எங்ஙனம் பொருந்தும்? பார்க்கர் கணக்கிட்டுப் பார்த்தார். ஒளிவளையத்தின் வெப்பநிலை பத்து இலட்சம் பாகைக்கு மேற்பட்டது. அவ்வெப்பத்தில் அணுக்கள் இலத்திரன்களை இழந்து மின்னேற்றமுள்ள வாயுவாகின்றன. இதனையே பிளாஸ்மா என்பர். இவ்வாயுவைச் சூரியனின் ஈர்ப்பினால் முற்றாகக் கட்டிவைக்க இயலாது. மெதுவாகப் புறப்படும் அது, தூரஞ் செல்லச் செல்ல வேகங் கூடி, ஒலியின் வேகத்தையும் விஞ்சிப் பாய்கின்றது. இதற்குச் சூரியக் காற்று எனப் பெயரிட்டார் பார்க்கர்.

1958 இல் இக்கட்டுரை வானியற்பௌதிகச் சஞ்சிகை ஒன்றுக்குச் சென்றது. மதிப்பிட்ட அறிஞர் இருவரும் அதனை நிராகரித்தனர். சஞ்சிகையின் ஆசிரியராக அப்போதிருந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற நம் தமிழர், சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் இக்கருத்துப் பிடிக்கவில்லை. ஆயினும் கணக்கிலே பிழை எதனையும் எவரும் காட்டாமையால் கட்டுரையை வெளியிட்டார். இளமையில், 1935 இல், இலண்டனில் அவருடைய கணக்கையே பேரறிஞர் எடிங்டன் சபையோர் முன்னிலையில் எள்ளி நகையாடினார் என்பதும், 1983 இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கன.

1962 இல் வெள்ளிக் கிரகத்தை நோக்கிச் சென்ற மரினர் 2 விண்கலம் சூரியக் காற்று ஓயாது வீசுவதை அளந்தறிந்தது. 2018 ஆகஸ்டு 12 இல் பார்க்கரின் பெயர் தாங்கிய விண்கலம் புறப்பட்டபோது, 91 வயதில் அவர் நேரில் நின்று பார்த்தார். 2022 இல் அவர் மறைந்தார். 2024 டிசம்பர் 24 இல் அவ்விண்கலம் சூரியனின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 61 இலட்சம் கிலோமீற்றர் தூரத்திற் கடந்து சென்றது.

வேலை இன்னும் முடியவில்லை. சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 பாகை வெப்பமே உடையது. அதற்கு மேலுள்ள ஒளிவளையம் அதனிலும் பன்மடங்கு சூடானது ஏன்? எண்ணற்ற சிறு வெடிப்புக்கள் காரணமாகலாம் என்று 1988 இற் பார்க்கர் கூறினார். முடிந்த முடிபு இன்னும் எட்டப்படவில்லை.

இத்துறையில் நிரந்தரப் பதவிகள் மிகச் சில. கலாநிதிப் பட்டத்தின் பின்னும் பலர் ஆண்டுக்கணக்கிற் தற்காலிகப் பதவிகளில் ஊர் ஊராகச் செல்ல நேரும். இதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. ஆதலால் இளைஞர்களே, கணிதத்தையும் மின்காந்தவியலையும் ஐயந்திரிபறக் கற்றபின் துணிந்து இறங்குங்கள். பெரியோர்களே, எங்கள் எண்ணம் உங்களுக்குப் பிடிக்காதிருக்கலாம். சந்திரசேகர் செய்தது போல, கணக்கிற் பிழையுண்டா என்று மட்டும் பாருங்கள், இல்லையெனில் வழிவிடுங்கள்.