மழை மாற்றிய வழி



கரிசல் எழுத்தில் பயணம் என்றால் நடை, மாட்டுவண்டி, சற்றுப் பிந்தி வந்த பேருந்து, ரயில். விமானம் அதில் பெரிதாக இடம்பெற்றதில்லை. ஆனால் அம்மண்ணின் மக்கள் இன்று விமானத்தில் வருகிறார்கள். சென்னையில் பணிபுரியும் மகன், மனைவி மக்களுடன் ஒன்றரை மணி நேரத்தில் வாகைகுளத்தில் இறங்கி, அங்கிருந்து வாடகைக் காரில் கோவில்பட்டிப் பக்கத்துச் சிற்றூருக்குப் போய்விடலாம். வானம் இடங்கொடுத்தால் போய்விடலாம். இடங்கொடாத நாளில் என்ன நேர்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

வாகைகுளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதை தொடக்கத்தில் 1,350 மீட்டர் நீளமே கொண்டிருந்தது. எனவே எழுபது பேர் அளவில் அமரக்கூடிய, விசிறி பூட்டிய ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானங்களே நெடுங்காலம் அங்கு வந்துபோயின. இப்போது பாதை மூன்று கிலோமீட்டருக்கும் மேலாக நீட்டப்பட்டு, 2025 சூலை 26 அன்று புதிய முனையமும் திறக்கப்பட்டுவிட்டது. பாதையை நீட்டலாம், முகிலை விலக்க இயலாது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் தாழ்ந்து கவிந்துவிட்டால், அங்கு இறங்க வேண்டிய விமானம் மதுரைக்குத் திருப்பிவிடப்படுவது உண்டு. மறுநாள் நாளிதழில் நான்கு வரிச் செய்தியோடு அது முடிந்துவிடும்.

பயணிக்கு அது எதிர்பாராதது. விமானிக்கு அப்படி அன்று. புறப்படுமுன்பே மாற்று நிலையத்தின் பெயர் பயணத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கும். சேருமிடம்வரை செல்ல, அங்கு இயலாதபோது மாற்று நிலையம்வரை செல்ல, அதற்கு மேலும் அரைமணி நேரம் வட்டமிட எனக் கணக்கிட்டே எரிபொருள் நிரப்பப்படும். இறங்கும்போதும் ஒரு வரம்பு உண்டு. குறித்த உயரம்வரை தாழ்ந்து வந்தும் ஓடுபாதை கண்ணிற்படவில்லையெனில் மேலேறிவிட வேண்டும். இன்னும் சற்றுத் தாழ்ந்து பார்ப்போம் என்பதற்கு அங்கே இடமில்லை. கண்ணிற்படாததைக் கண்டதாக எழுதிவிடும் உரிமை கவிஞர்க்கு மட்டுமே உண்டு போலும்!

இந்திய வான்பயணம் தொடக்கத்திலிருந்தே மழைக்கு வழிவிட்டு வந்ததுதான். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானம் ஓட்டி வந்தார்; நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். பம்பாயின் ஜுகூ திடல் மழைக்காலத்தில் நீரில் மூழ்கியதால், அம்மாதங்களில் அவர்களுடைய விமானங்கள் புனேக்கு இடம்பெயர நேர்ந்தது.

மாற்றிடத்தை முன்கூட்டியே எண்ணிவைக்கும் இந்த வழக்கம் கரிசல் சம்சாரிக்குப் புதிதன்று. மானாவாரி நிலத்தில் ஒற்றைப் பயிரை நம்பி விதைப்பவர் அந்நாளில் அரிது. பருத்தியோடு உளுந்தோ பாசியோ ஊடுபயிராக நிற்கும். மழை பிந்தினால் ஒன்று, முந்தினால் மற்றொன்று. இரண்டும் போனால் ஆடுமாட்டுக்குச் சோளத்தட்டையாவது மிஞ்சும். பருவமழை தொடங்குமுன் காய்ந்த மண்ணில் விதையை இட்டுக் காத்திருக்கும் புழுதி விதைப்பும் ஒரு கணக்குத்தான். கோவில்பட்டியில் 1901 முதல் இயங்கிவரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஆய்ந்ததில் பெரும்பகுதி, மழை சொன்னபடி வராதபோது என்ன செய்வது என்னும் ஒரே வினாவைப் பற்றியது எனலாம்.

இனி, திருப்பிவிடப்பட்ட விமானத்தில் உள்ள ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். ஊரில் பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டார். கேதத்திற்கு மகன் வர வேண்டும். அவன் வந்த பின்பே எடுக்க வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். விமானம் வாகைகுளத்தின்மேல் இருமுறை வட்டமிட்டு, இறங்க இயலாமல் வடக்கே திரும்புகிறது. தன் ஊரின் மேலேயே அவன் பறந்துபோயிருக்கக்கூடும். சன்னலுக்கு வெளியே வெண்மை தவிர வேறொன்றும் தெரியாது. கோவில்பட்டியை அடுத்துப் பழைய ஓடுபாதை ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. பயணிகள் விமானம் எதுவும் அங்கு இறங்குவதில்லை. மதுரையில் இறங்கிச் சாலை வழியே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் வர வேண்டும்.

அந்தச் சாலை முழுவதும் கரிசலைத் தொட்டே வருகிறது. திருமங்கலம் கடந்தால் மண் கறுக்கத் தொடங்கும். விருதுநகர், பிறகு வைப்பாற்றுப் பாலத்தோடு சாத்தூர், பிறகு கோவில்பட்டி. நான்கு வழிச்சாலையில் மழை ஒரு பொருட்டன்று. கிளைச் சாலையில் திரும்பியதும்தான் பழைய காலம் தொடங்குகிறது. ஓடையின்மேல் தரைப்பாலம், அதன்மேல் முழங்காலளவு நீர். கார் ஓட்டி வந்தவர் இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையை அசைக்கிறார். மீதி வழி நடைதான்.

நனைந்த கரிசலில் நடப்பது எத்தகையது என்பதை இவ்வவையில் பலர் அறிவர். அம்மண்ணின் களி, நீரை உண்டு வீங்குவது. காய்ந்தால் கைநுழையும் அளவு பாளம்பாளமாக வெடிப்பது. ஈரத்தில் அடிக்கு அடி காலைப் பற்றிக்கொள்ளும். பத்தடி நடப்பதற்குள் செருப்பு இரட்டிப்பு எடையாகிவிடும். வண்டிச் சக்கரத்தை அப்பி, மாட்டை நிறுத்திவிடும் மண் அது. முன்னாளில் இழவு சொல்லிப் போகிறவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்போரம் நடந்ததும் இதனால்தான். சென்னையில் பிறந்த பிள்ளைகள், விமானம் நேரே இறங்கியிருந்தால், தாத்தாவின் மண்ணைக் காரின் சன்னல் வழியே பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். இப்போது அது அவர்கள் கணுக்காலில் இருக்கிறது. வீட்டிலோ, வெட்டிய குழியில் நீர் ஊறுகிறது; பெண்கள் வாசலை நோக்கியபடி இருக்கிறார்கள்; இனியும் பொறுப்பதா என்று பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள். தாமதம் என்னும் சொல்லுக்கு அவ்வீட்டில் உள்ள பொருள் விமான நிலையத்து அறிவிப்பில் இல்லை.

இது எண்ணிப் பார்த்த காட்சி. 2023 டிசம்பர் 17, 18 எண்ணிப் பார்த்தது அன்று. குமரிக்கடல் மீது நிலவிய வளிமண்டலச் சுழற்சியால், 18-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. கோவில்பட்டியில் 53. ஆண்டு முழுதும் பெய்ய வேண்டியதன் பெரும்பகுதி மார்கழி முதல் நாளில் கொட்டித் தீர்ந்தது. கண்மாய்கள் உடைந்தன, நின்ற உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் நீருக்குள் போயின, தூத்துக்குடிக்கான விமானப் போக்குவரத்தும் தடைப்பட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட ரயில், தண்டவாளத்தின் கீழ் மண் அரிக்கப்பட்டதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கானோர் அங்கே சிக்கிக்கொண்டனர். பக்கத்து ஊரார் தங்களிடம் இருந்ததைக் கொண்டு அவர்களுக்குச் சமைத்துப் போட்டனர். பின்னர் வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து சிறப்பு ரயிலில் அவர்கள் அனுப்பப்பட்டனர். அம்மக்கள் அனைவருக்கும் மழை ஒரே இரவில் வழியை மாற்றிவிட்டது.

கவிஞர்கள் கருத வேண்டியது ஒன்று இங்கே உண்டு. கரிசல் என்றதும் வறட்சி என்று எழுதும் பழக்கம் ஊன்றிவிட்டது. முன்னோடிகள் மீது இக்குற்றத்தைச் சுமத்த இயலாது. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 1982-இல் வட்டார வழக்குச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தந்தவர். அம்மக்கள் வாய்ச்சொல் எதையும் அற்பமென்று ஒதுக்காதவர். அதே ஊர் கு. அழகிரிசாமி வறுமையை எழுதியபோதும் வானத்தைச் சபித்துக்கொண்டிருக்கவில்லை. 2019-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற சோ. தர்மனின் 'சூல்', கண்மாயை நடுவில் வைத்து எழுந்த நாவல். நீர் வரும், அது தங்க இடம் வேண்டும் என்பதை அறிந்த எழுத்து அது. அவர்கள் தம் கண்முன் இருந்ததை எழுதினார்கள். அவர்களைப் படித்து எழுத வந்தவர்களுள் சிலரே, அவர்கள் கண்டதையே தாமும் கண்டதாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வெடித்த நிலம், வற்றிய ஊருணி, வேலிக்கருவை, வானம் பார்த்த கிழவர். நான்கும் உண்மை. ஆனால் 53 சென்டிமீட்டர் மழை பெய்த ஊரில் அந்த நான்கை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால், ஓடுபாதை தெரியாமலே இறங்குவதற்கு ஒப்பாகும்.

இதற்குச் சொல் தேட வேண்டியிருக்கிறது. 'திருப்பிவிடப்பட்டது' என்பது நிலைய அறிவிப்பின் மொழி. திருப்பியவர் யார், திரும்பியவர் யாருடைய முகத்தைக் காணப் புறப்பட்டார் என்பது அதில் இல்லை. கேதத்திற்கு வந்த மகன் ஓடைக்கு இக்கரையில் நிற்கிறான். அக்கரையில் அவன் சித்தப்பா குடையோடு நிற்கிறார். நடுவில் நீர் ஓடுகிறது. அதன் இரைச்சலில் ஒருவர் கூப்பிடுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. மேகத்திற்குள் வட்டமிட்ட அந்த அரைமணி நேரத்தையும் இந்த ஓடைக்கரையையும் ஒரே கவிதைக்குள் கொண்டுவந்தவர் எவரேனும் இங்கு இருப்பின், பிற்பகல் கவியரங்கில் அதனைப் படிக்குமாறு வட்டம் கேட்டுக்கொள்கிறது.